'படிப்பா, அனுபவமா?' – ஒரு கேள்வியின் மீதான விமர்சனக் குறிப்புகள்

நாலு தமிழர் கூடுகிற இடத்தில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழுகிறது: 'படிச்சு என்ன கண்டது? வேலைதான் மனிசனுக்கு எல்லாத்தையும் பழக்கும்.' இதைச் சொல்பவர்களில் பாதிப் பேர் பட்டதாரிகள். மறுபாதிப் பேர், தமது பிள்ளை 'கிம்னாசியம்' போகவில்லை என்பதைக் கொண்டாட்ட வீடுகளில் மறைத்துப் பேசுகிறவர்கள். அனுபவத்தைப் போற்றிய அதே வாயால் தொழிற்பயிற்சிக்குப் போகும் பிள்ளையைக் குறைவாகச் சொல்லவும் எம்மால் முடிகிறது. இந்த முரணைக் கேலி செய்வது சுலபம். இரண்டு கூற்றுகளும் எங்கிருந்து புறப்படுகின்றன, யாருக்குப் பயன்படுகின்றன என்று பார்ப்பது சற்றுச் சிரமம். அதைத்தான் இங்கு செய்ய முயல்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடசாலை திறனைத் தருகிறதா, வேலைத்தலம் தருகிறதா என்று கேட்கும்போது, கற்பவருக்கு அங்கே எது காட்டப்படுகிறது, எது மறைக்கப்படுகிறது என்ற கேள்வி காணாமற் போய்விடுகிறது. மறைக்கும் அதிகாரம் இரண்டு இடங்களிலும் உண்டு.

இந்த விவாதத்தில் நண்பர்கள் துணைக்கு அழைக்கும் நூல் றொனால்ட் டோரின் 'தி டிப்ளோமா டிசீஸ்' (1976). பத்திர நோய் என்று தமிழில் சொல்லலாம். பிரித்தானியா, யப்பான், இலங்கை, கென்யா ஆகிய நாடுகளை ஒப்பிட்டு எழுதப்பட்டது. நாமும் அதில் ஓர் உதாரணமாக இருப்பதால் எமக்கு அதன்மேல் தனிப் பிரியம். (கல்வியியல் கற்பித்த காலத்தில் நானும் இந்நூலை நடத்தியிருக்கிறேன். பரீட்சைகளின் கேட்டைப் பற்றிய அந்த நூலிலிருந்து பரீட்சை வினா வரும், மாணவர்கள் குறிப்பை மனனம் செய்து எழுதுவார்கள்.) டோரின் வாதம் இதுதான்: ஒரு நாடு எவ்வளவு தாமதித்து நவீனமாகத் தொடங்குகிறதோ அவ்வளவுக்கு அங்கு உத்தியோகத்துக்கு ஆள் எடுப்பதில் பத்திரத்தின் பிடி இறுகும். எட்டாம் வகுப்பு போதுமாயிருந்த வேலைக்குக் க.பொ.த. கேட்கப்படும், பிறகு பட்டம் கேட்கப்படும். பாடசாலை பரீட்சைக்கான ஆலையாகச் சுருங்கும். அறியும் ஆவல் செத்துப்போகும். இதற்கு அவர் வைத்த மாற்று துணிச்சலானது. பிள்ளைகள் பதினைந்து, பதினாறு வயதளவிலேயே வேலைக்குள் நுழையட்டும். மேற்கொண்டு படிப்பது வேலையோடு சேர்ந்து வரட்டும். ஆள் தெரிவுக்கு உளச்சார்புச் சோதனையோ திருவுளச்சீட்டோகூடப் போதும் என்றார்.

நோயை அவர் இனங்கண்டது சரி. 'கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும்' என்று சொல்லி வளர்க்கப்பட்ட எமக்கு அதை வேறொருவர் விளக்கத் தேவையில்லை. 1971 ஏப்ரலில் தெற்கில் கிளர்ந்த இளைஞர்களில் கணிசமானோர் படித்தும் வேலை கிடையாதவர்கள். அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு, படித்தவர்களின் எதிர்பார்ப்புக்கும் நாட்டில் இருந்த வேலைகளுக்கும் இடையிலான பொருத்தமின்மையையே தன் அறிக்கையின் மையமாக வைத்தது. 1972 கல்விச் சீர்திருத்தம் அந்தச் சூழலில் வந்தது. பழைய சாதாரண தரம் போய்த் தேசியக் கல்விச் சான்றிதழ் வந்தது; 'தொழில்முன்னிலைப் பாடங்கள்' என்ற பெயரில் ஊரின் தொழில்களைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தார்கள். மீன்பிடி, பயிர்ச்செய்கை, மட்பாண்டம் என்று இடத்துக்கு இடம் மாறும். 1977 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு எல்லாம் கைவிடப்பட்டு, சாதாரண தரமும் உயர்தரமும் திரும்பி வந்தன.

அது ஏன் எடுபடவில்லை? எம் பெற்றோரின் உத்தியோக மோகத்தால் என்று சொல்வது வழக்கம். இந்தப் பதில் எனக்கு ஒருபோதும் திருப்தி தந்ததில்லை. பிலிப் பொஸ்ரர் 1965இல் கானாவைப் பற்றி எழுதியபோது ஒரு கூர்மையான அவதானத்தை முன்வைத்தார். காலனிய கானாவில் மக்கள் தொழிற்பாடசாலைகளை ஒதுக்கி ஏட்டுக் கல்வியைத் தேடியதற்குக் காரணம் அறியாமை என்று ஆட்சியாளர் நினைத்தார்கள். உண்மையில் நல்ல சம்பளமுள்ள வேலைக்கு வழி திறந்தது ஏட்டுக் கல்விதான். ஆகவே அதுவே அங்கு மெய்யான 'தொழிற்கல்வி'. பெற்றோர் கணக்குத் தெரிந்தவர்களாகவே நடந்துகொண்டார்கள். இலங்கையிலும் அப்படித்தான். பாடவிதானத்தில் மீன்பிடி சேர்ந்தது. கந்தோரில் ஆள் எடுக்கும் முறை மாறவில்லை. வலையையும் படகையும் பற்றிய குறிப்பைக் கொப்பியில் எழுதிய பிள்ளை, அந்தக் குறிப்பும் ஒரு பரீட்சைக்கானது என்பதை உடனேயே விளங்கிக்கொண்டது.

டோரின் மாற்றை யாழ்ப்பாணத்து மண்ணில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் இடிபடுகிறது. சாதி. தச்சு, கொல்லு, தட்டார வேலை, சலவை, கள்ளிறக்கல் என்று எம்மிடம் வேலையோடு சேர்ந்து வரும் கல்விக்குக் குறைவே இருந்ததில்லை. தகப்பனுக்குப் பக்கத்தில் நின்று பழகிய அந்தத் திறனின் நுட்பத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் யார் எதைப் பழகலாம் என்பது பிறப்பிலேயே தீர்மானிக்கப்பட்டிருந்தது. 1930 அளவில் சம ஆசனம் கேட்டுப் போராடியவர்கள் பாடசாலை வாங்கை ஏன் அவ்வளவு பெரிதாக நினைத்தார்கள் என்பதை 'அனுபவமே பள்ளி' என்போர் ஒருதரம் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1953இல் ராஜாஜி ஆரம்பப் பாடசாலை நேரத்தை மூன்று மணித்தியாலமாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தே தோற்கடித்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். செய்து பழகுதல் என்ற அழகான கோட்பாடு எம் சமூகத்தில் யாருடைய கையில் விழும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

இவ்வளவும் பாடசாலைக்குச் சார்பாகப் பேசுவதுபோல் தோன்றக்கூடும். ஆகவே வேலைத்தலத்துக்குள் போவோம்.

1991இல் ஜீன் லேவ், எத்தியன் வெங்கர் இருவரும் எழுதிய சிறு நூல் ஒன்று கல்வியியலாளர் மத்தியில் பெரும் செல்வாக்குப் பெற்றது. கற்றல் என்பது தலைக்குள் நடக்கும் காரியம் அல்ல, ஒரு தொழிற் சமூகத்தின் விளிம்பில் நுழைந்து படிப்படியாக உள்ளே போவதே கற்றல் என்பது அவர்களது கருத்து. லைபீரியாவின் தையற்காரரிடம் பயிலும் பையன் முதலில் முடிந்த உடுப்புக்குப் பொத்தான் தைக்கிறான், அழுத்துகிறான். பிறகு தைக்கப் பழகுகிறான். வெட்டுவது கடைசியாக வருகிறது. பொத்தான் தைக்கும்போதே முழு உடுப்பும் அவன் கையில் இருக்கிறது. யுகற்றானின் மருத்துவிச்சிகளும் இப்படியே பழகுகிறார்கள். மேற்கோள் காட்டுவோர் இவ்விரு உதாரணங்களோடு நின்றுவிடுவார்கள். அதே நூலில் வேறொன்றும் உண்டு: அமெரிக்காவின் சுப்பர்மார்க்கட் இறைச்சி வெட்டுவோர் பற்றியது. மார்ஷல் என்பவர் 1972இல் வெளியிட்ட ஆய்விலிருந்து எடுத்தது. அங்கு பயிலுநரைப் பொதி சுற்றும் இயந்திரத்தில் நிறுத்திவிடுகிறார்கள், அங்கே ஆள் தேவை என்பதால். தேர்ந்தவர்கள் வெட்டும் மேசை அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. வருடக்கணக்கில் இறைச்சிக் கடையில் 'அனுபவம்' பெற்றும் வெட்டுக் கைவரவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவர்களுக்கான தொழிற்பாடசாலையும் கடைகளில் வழக்கொழிந்துபோன வெட்டுகளைக் கற்பித்துக்கொண்டிருந்தது. பள்ளியும் கடையும் ஒரே நேரத்தில், ஒரே ஆளுக்கு, எதையும் காட்டவில்லை.

படிப்பா அனுபவமா என்று கேட்போருக்கு இந்த இறைச்சிக் கடை ஒன்றே போதும். ஆனால் லேவும் வெங்கரும் இதை ஒரு கோணலான உதாரணமாகக் கருதிக் கடந்துபோகிறார்கள் என்பது என் குறை. தையற்காரரின் திண்ணைதான் விதிவிலக்கு. பொதி சுற்றும் இயந்திரம்தான் எம் காலத்து வேலைத்தலம். ஹரி பிறேவர்மன் 1974இல் எழுதிய நூல் இதற்கு விளக்கம் தருகிறது. அவரே செப்புக் கம்மியராகக் கப்பற்கட்டுத் தளத்தில் வேலை செய்தவர். சிந்திப்பதையும் செய்வதையும் பிரித்து, சிந்திப்பதை முகாமையின் கையில் வைப்பதே ரெய்லர் முறையின் சாரம் என்றார். அப்படிப் பிரித்த பிறகு செய்பவருக்கு மிஞ்சும் அனுபவம் என்ன வகையானது? நண்பர்கள் இந்தக் கேள்விக்கு முகம் கொடுப்பதில்லை.

நான் வேலை செய்வது பிளாஸ்ரிக் உதிரிப்பாகங்கள் வார்க்கும் ஒரு பக்ரறியில். முப்பது, நாற்பது செக்கனுக்கு ஒருதரம் அச்சுத் திறக்கும். பொருளை எடுத்து, விளிம்பில் பிதுங்கியதைக் கத்தியால் சீவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பெட்டியில் அடுக்க வேண்டும். பொலிஅமைட் ஓடும் மெசினில் சில நாட்களில் பொருளின் மேல் வெள்ளிக் கோடுகள் விழும். அதிகமாகத் திங்கட்கிழமை காலைகளில். எல்லோருக்கும் அது தெரியும், அதற்கு 'திங்கட்கிழமைக் கோடு' என்று பெயரும் உண்டு. காரணம் பற்றி ஆளுக்கொரு கதை: மெசின் குளிர்ந்து கிடந்தது, அச்சுப் பழசு, மெசினைச் செட் பண்ணுகிறவர் சனி ஞாயிறு குடித்துவிட்டு வந்திருக்கிறார். எங்கள் சிப்றில் எமது ஊர்ப் பக்கத்து அக்கா ஒருவர் இருபது வருடத்துக்கு மேலாக நிற்கிறார். கோடு கண்ணுக்குத் தெரியும் முன்பே பெருவிரலால் தடவி 'இது சரியில்லைத் தம்பி' என்று ஒதுக்கிவிடுவார். அவரை எந்த அளவுகருவியாலும் வெல்ல முடியாது. ஆனால் ஏன் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. அவரை யாரும் ஒருநாளும் அந்தக் கேள்வியின் பக்கம் போகவிட்டதில்லை.

காரணம் எனக்குத் தெரியவந்தது ஒரு பயிலுநர் பையன் இடைவேளையில் தந்த தொழிற்பாடசாலைப் புத்தகத்திலிருந்து. பொலிஅமைட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உலர்த்தாமல் விட்ட மணிகள் மெசினுக்குள் இருநூற்றைம்பது பாகைக்கு மேல் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகிறது. ஆவி அச்சின் சுவரோடு இழுபட்டுக் கோடாகிறது. எண்பது பாகையளவில் சில மணித்தியாலம் உலர்த்தினால் போதும். சனி ஞாயிறு திறந்து கிடந்த மணிகள் திங்கட்கிழமை முதலில் மெசினுக்குள் போகின்றன, விசயம் அவ்வளவுதான். இதைப் படித்ததும் இன்னொன்றும் தானாக விளங்கியது. பக்கத்து மெசினில் ஓடுவது பொலிபுறொப்பிலீன். அது ஈரத்தை அநேகமாக உறிஞ்சாது. அங்கே திங்கட்கிழமைக் கோடு இல்லாதது இதனால்தான். ஒரு மெசினில் கண்டதை இன்னொரு மெசினுக்குக் கொண்டுபோக வைத்தது அந்த ஒரு பக்கம். அந்தப் பக்கம் எனக்கு அர்த்தமானதும் கையில் ஆயிரக்கணக்கான கோடுபோட்ட துண்டுகளைப் பிடித்திருந்ததால்தான். புத்தகத்துக்குச் சொந்தக்காரப் பையனோ, சோதனையில் இதைச் சரியாக எழுதியிருந்தும், பெட்டியில் கிடந்த கோடுகளைக் காணாமல் தாண்டிப்போவான். பிறகு பழகிக்கொண்டான்.

இங்கே கவனிக்க வேண்டியது என் விளக்கத்துக்குப் பிறகு நடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மெசினின் திரையில் வெப்பம், அமுக்கம், குளிரும் நேரம் எல்லாம் இருக்கின்றன. அதைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டும். அது எமக்குத் தரப்படுவதில்லை. ஒருமுறை கேட்டபோது கிடைத்த பதில், 'உனக்கு அது தேவையில்லை' என்பது. கோபத்தோடு சொல்லப்பட்டதல்ல. வேலை ஒழுங்கின் சரியான விளக்கம் அது. அக்காவின் இருபது வருட அனுபவம் என்பது, எண்ணிப் பார்த்தால், ஒரு வருட அனுபவம் இருபது தடவை.

அந்தப் பையன் நிற்பது அதே கூரையின் கீழ். அவனுக்குத் திரை திறக்கிறது. அவன் கெட்டிக்காரன் என்பதால் அல்ல. ஜேர்மனியின் 1969 தொழிற்கல்விச் சட்டத்திலும் (2005இல் திருத்தி எழுதப்பட்டது) அதன் 14ஆம் பிரிவிலும் எழுதப்பட்டிருப்பதால்: பயிற்சியின் நோக்கத்துக்கு உதவும் வேலைகளை மட்டுமே பயிலுநரிடம் ஒப்படைக்கலாம். பாடசாலை நாட்களில் அவனை விடவேண்டும். பயிற்சித் திட்டம் கையில் இருக்கவேண்டும். அவனைக் கொண்டுபோய் மாதக்கணக்காகப் பெட்டி அடுக்க வைத்தால் அவன் முறையிடலாம். இந்த நாட்டு 'இரட்டை முறை'யின் புகழைப் பாடுவோர் பாடசாலையும் வேலையும் கலந்த கலவையில் அதன் இரகசியம் இருப்பதாகச் சொல்கிறார்கள். நான் அங்கு காண்பது ஓர் உரிமை. பார்க்கும் உரிமை, ஏன் என்று கேட்கும் உரிமை, பிழைவிட்டுப் பழகும் உரிமை. பயிலுநருக்கு உள்ளது, உதவித் தொழிலாளிக்கு இல்லாதது.

எமக்கு முன் வந்த தலைமுறையின் கதையை இந்தக் கண்ணோடு பார்த்தால் 'அனுபவம்' என்ற சொல்லே கூசும். 1987இல் தஞ்சம் கோரியவர்களுக்கான வேலைத்தடை ஐந்து வருடமாக நீட்டப்பட்டது. 1991இல்தான் அது நீங்கியது. அவ்வளவு காலமும் வேலையும் இல்லை, முறையான மொழிவகுப்பும் இல்லை. சட்டத்தின் பெயரால் ஒழுங்கான மொழி வகுப்புகள் வந்தது 2005இல். தடை நீங்கியதும் கிடைத்த சமையலறையையும் பக்ரறியையும் பிடித்தவர்கள் முப்பது வருடம் அதிலேயே நின்றார்கள். இவர்களிடம் போய் அனுபவமே கல்வி என்று சொல்வது ஆறுதலாக இருக்கலாம். முதலாளிக்கு அது அதைவிட இதமாக இருக்கும்: கற்பிக்கும் செலவு மிச்சம்.

பிள்ளைகளின் விசயத்தில் எம்மவர் செய்வதும் இதே குழப்பத்தின் மறுபக்கம். பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்போடு, பத்து வயதில், பிள்ளைகளைத் தரம் பிரிக்கிறார்கள். இது கொடுமை என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் 'அவுஸ்பில்டுங்' போகும் பிள்ளையைக் கூலி வேலைக்குப் போனதாக நினைத்துத் தலைகுனிகிற பெற்றோர், அப்பிள்ளைக்குக் கிடைத்திருப்பது தமக்கு இந்த நாட்டில் ஒருநாளும் கிடையாத உரிமை என்பதைக் காண்பதில்லை. தச்சனும் கொல்லனும் பற்றிய பழைய கணக்கு இன்னும் தலைக்குள் ஓடுகிறது. அதற்காக இந்த நாட்டின் முறையை வணங்கவும் தேவையில்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே மாதிரியான விண்ணப்பங்களை ஜேர்மன் பெயரிலும் துருக்கிப் பெயரிலும் அனுப்பிப் பார்த்தார்கள். தொழிற்பயிற்சிக்கு நேர்முக அழைப்புப் பெற ஜேர்மன் பெயருக்கு ஐந்து கடிதம் போதுமாயிருந்தது, துருக்கிப் பெயருக்கு ஏழு வேண்டியிருந்தது. எமது நீண்ட பெயர்களுக்கு எத்தனை என்று யாரும் எண்ணவில்லை.

எம் வயதுக்காரருக்கு இருக்கும் வழி என்ன? தொழிற்கல்விச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஒரு தொழிலின் பயிற்சிக் காலத்தைப்போல் ஒன்றரை மடங்கு காலம் அத்தொழிலில் வேலை செய்தவரைப் பயிற்சியில்லாமலே இறுதிப் பரீட்சைக்கு விடுகிறது. பிளாஸ்ரிக் தொழிலுக்குப் பயிற்சி மூன்று வருடம். ஆக, நாலரை வருடம். சுவிசில் இப்படி வருவோரிடம் ஐந்து வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள். 2025 ஜனவரியிலிருந்து ஜேர்மனியில் இன்னொரு ஏற்பாடும் நடைமுறையில் உள்ளது: இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட, அத்தொழிலில் பத்திரம் இல்லாதவர்கள் தமது திறனைச் செய்துகாட்டி அத்தாட்சி பெறலாம். நல்ல சட்டங்கள்தான். பத்திரத்தை எள்ளி நகையாடும் நண்பர்கள் இவற்றை வாசித்துப் பிறருக்குச் சொல்வது பிரயோசனமாக இருக்கும், ஏனெனில் சம்பளப் படிநிலை பத்திரத்தைப் பார்த்தே நகர்கிறது. ஆனால் மேலே சொன்ன அக்கா அங்கு போய் எதைச் செய்துகாட்டுவார்? அச்சை மாற்றிப் பொருத்து, மெசினைச் செட் பண்ணு, வரைபடத்தை வாசி என்பார்கள். வருடங்களை எண்ணும் சட்டம், அந்த வருடங்களில் அவருக்கு எது காட்டப்பட்டது என்று கேட்பதில்லை.

ஆகவே கேட்கவேண்டிய இடம் பக்ரறிதான். 'பெற்றீப்ஸ்றாட்' எனப்படும் தொழிலாளர் சபைக்கு வேலைத்தலப் பயிற்சிகளை நடத்தும் முறையிலும், அதில் யாரைச் சேர்ப்பது என்பதிலும் சட்டப்படி பங்கு உண்டு. பொதுவாக எம்மவர் அந்தச் சபைத் தேர்தலில் வாக்குப் போடுவதோடு சரி. எங்கள் இடத்தில் சென்ற வருடம் சிலர் சேர்ந்து, பொதிசெய்யும் பகுதியிலிருந்து ஆறு பேருக்கு மெசின் செட் பண்ணும் பயிற்சி வேண்டும் என்று சபை ஊடாகக் கேட்டோம். சிப்றைக் குழப்பும் என்றார்கள், மொழி போதாது என்றார்கள், கடைசியில் இரண்டு பேருக்குச் சம்மதித்தார்கள். இருவரும் ஆண்கள், இருவரும் நாற்பது வயதுக்குக் கீழே. அக்காவின் பெயர் அதில் இல்லை. இந்த வருடமும் அவரது பெயரை முதலாவதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.